புயலில் போன புத்தகங்கள் திரும்பி வந்த விபரம்

786

கடற்கரைக் குறுக்குத் தெரு,
கல்முனை வழி.
13.02.1982

கண்ணியத்துக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் கடிதம் போடுவதற்கும் பேர்பெற்ற அருமை ஜவுபர் மாமா அவர்களுக்கு, மருமகன் கலந்தர் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உம்மா, வாப்பா, தங்கச்சி, ஸகியா மாமி, இரண்டு ஆடு, ஒரு சேவல் யாவரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். சேவலின் சுகம் பெருநாள் வரைக்கும்தான். அங்கே ரியாத்தின் வெயிலில் உங்கள் சுகம் எப்படி என்று அறிய ஆவல்.

இந்தக் கடிதத்தை உம்மா சொல்லச் சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன். கூரைக்கு ஓடு மாற்றியாயிற்று, கிணற்றடிக்கு மதில் கட்டியாயிற்று, தென்னைக்கு உப்புப் போட்டாயிற்று. இத்துடன் உம்மாவின் கடிதம் முடிந்தது. கறி அடிப்பிடிக்கிற மணம் வந்து அவ எழும்பிப் போய்விட்டா. இனி வருவது என்னுடைய கடிதம். விஷயம் என்னவென்றால், நம்மட வாசிகசாலையை மூடப் பார்த்தார்கள். மூடவில்லை. மூடாமல் போனதற்கு ஒரு காரணம் நீங்கள். நீங்கள் செய்த நன்மை எதுவும் அதற்குக் காரணமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கு அந்த வாசிகசாலை நினைவிருக்கும். எனக்கு இருக்கிறது. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அசர் தொழுகை முடிந்ததும் உங்கள் சைக்கிளின் முன் பாரில் ஒரு துவாயை மடித்துப் போட்டு என்னை உட்கார்த்தி மிதிப்பீர்கள். வழி முழுக்கக் கருவாட்டு வாடை வரும். வாசிகசாலைக்குள் காலெடுத்து வைத்தால் வேறு வாடை: பழைய தாள், பசை, நூலகர் கனகசபாபதி ஐயாவின் திருநீறு. நீளமான ஒரு மேசை, அதற்கு மேலே ஒற்றை பல்ப். பேப்பரை மரச்சட்டத்தில் கோத்து வைத்திருப்பார்கள். ஒருவர் முன்பக்கம் படிக்க, எதிரே இருப்பவர் பின்பக்கம் படிப்பார். முன்பக்கக்காரர் தாளைத் திருப்பினால் பின்பக்கக்காரருக்குக் கோபம் வரும். ஆனால் அங்கே கோபத்தையும் வாய்திறந்து காட்ட முடியாது, மூக்கால்தான் விட வேண்டும். வெளியே கடல் மட்டும் அனுமதி கேட்காமல் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். அங்கேதான் நீங்கள் ஒரு தடித்த சிவப்பு அட்டைச் சரித்திரப் புத்தகத்தை விரித்து, யானைமேல் போகிற ஓர் அரசனைக் காட்டி, என் காதுக்குள், "இந்தா போறான் பாரு. நம்மட இறக்காமத்து யானையெல்லாம் இவன்ட யானைட பேரப்புள்ளயள்தான்டா" என்றீர்கள். நான் நம்பினேன் மாமா. இன்றைக்கும் இறக்காமத்தில் யானை வயலுக்குள் இறங்கியது என்று யாராவது அழுதால், அரச பரம்பரைதானே, சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிறகு எழுபத்தெட்டாம் ஆண்டு நவம்பரில் புயல் வந்தது. வாசிகசாலையின் கூரையை அது கழற்றிக்கொண்டு போனதையும், ஆயிரத்துக்கு மேற்பட்ட புத்தகங்கள் மழையில் களியாகிப் போனதையும் நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அடுத்த வாரம் நடந்ததை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். கனகசபாபதி ஐயா, மிஞ்சிய புத்தகங்களைச் சுமந்துபோய், கடற்கரையில் கிழிந்து கிடந்த கரைவலைக்கு மேலே ஒவ்வொன்றாக விரித்துக் காயவைத்தார். காகம் விரட்ட என்னை நிறுத்தினார். கருவாட்டை விடாமல் தூக்குகிற காகம் ஒன்றாவது ஒரு புத்தகத்தின் பக்கத்தில் வரவில்லை. "நம்மட ஊர்க் காகம்தானே தம்பி, வாசிப்புப் பழக்கம் இல்ல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தாள்கள் காற்றில் படபடக்க, அவர் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிப்பியைப் பாரமாக வைத்துக்கொண்டே போனது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. தொண்ணூற்றாறு புத்தகம் பிழைத்தது.

இரவல் போன புத்தகமாவது கிடைக்கட்டும் என்று அவர் பதிவேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். சைக்கிள் பிடிக்க நானும் போனேன். எல்லா வாசலிலும் ஒரே பதில்: "புயலில போயிட்டு ஐயா." உங்கள் மனைவி ஸகியா மாமியின் வீட்டு வாசலில் நீங்களும் அதைத்தான் சொன்னீர்கள். "மூணு புத்தகம் ஐயா. மூணும் என்ட கண்ணுக்கு முன்னாலதான் பறந்திச்சு" என்றபோது உங்கள் கண்ணில் தண்ணீர் தளும்பியது. ஐயா உங்களுக்கு ஆறுதல் சொல்லி, பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே 'புயலில் அழிந்தது' என்று சிவப்பு மையால் எழுதிக்கொண்டு போனார். மருதமுனைத் தறியில் நூல் துணியாக வெளியே வரும். நம்மட ஊரில் நூல் துணிவாக உள்ளே போகும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

போன மார்கழியில் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு நூலகம் என்றால் குறைந்தது நானூறு புத்தகமாவது இருக்க வேண்டும், தொண்ணூற்றாறு புத்தகம் உள்ள இடத்தை நூலகம் என்று சொல்ல முடியாது, பெப்ரவரி ஆறாம் திகதி அதிகாரி ஒருவர் வந்து எண்ணுவார், குறைந்தால் கட்டடம் நெல் களஞ்சியமாகும். ஐயா அதை எனக்கு ஜன்னலுக்கு உள்ளே நின்று படித்துக் காட்டினார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். ஏனென்றால் அப்போது எனக்கு வாசிகசாலைக்குள் நுழைய ஒரு வருடத் தடை. குற்றம் பெரிதல்ல. ஒரு கண்டி அரசருக்குக் கண்ணாடி வரைந்துவிட்டேன். வெள்ளைக்காரன் தூரத்தில் வருவது சரியாகத் தெரியாமல்தானே மனுசன் நாட்டை விட்டார் என்ற இரக்கத்தில் செய்தது. ஐயாவுக்கு அந்த இரக்கம் விளங்கவில்லை. "புத்தகத்தில எழுதிற கை புத்தகத்தைத் தொடப்படாது" என்று சொல்லி என் அட்டையை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். புத்தகத்தில் எழுதுவது அவருக்கு ஹறாம். எங்களுக்குப் பன்றி எப்படியோ அப்படி.

ஐயா ஒரு வழி கண்டுபிடித்தார். சுதந்திர தினத்தையொட்டி 'தேசிய வரலாற்று வாரம்' கொண்டாடுவது. ஒரு நாள் சொற்பொழிவு, ஒரு நாள் பொது அறிவுப் போட்டி, ஒரு நாள் பிள்ளைகளுக்குச் சித்திரம், நாலாம் திகதி கண்காட்சி. ஊர் திரண்டு வந்தால் அதிகாரியின் மனம் இளகும் என்பது கணக்கு. அறிவித்தல் எழுத ஆள் வேண்டியிருந்தது. "தம்பி கலந்தர், உம்மட கையெழுத்து எனக்கு வேணும். நீர் வேண்டாம், கையெழுத்து மட்டும் போதும்" என்றார். நான் வெளிப்படியில் குந்திக்கொண்டு பன்னிரண்டு அறிவித்தல் எழுதினேன். 'வரலாற்றுப் பழம்பொருட்கள் உள்ளவர்கள் கொண்டுவந்து உதவுக' என்பது அவர் சொன்னது. அதற்குக் கீழே, 'புயலுக்கு முன் இங்கிருந்து இரவல் போன நூல்களும் பழம்பொருட்களே. கொண்டு வருபவரின் பெயர் கேட்கப்படமாட்டாது' என்று ஒரு வரியை நானாகச் சேர்த்தேன்.

திங்கட்கிழமை சொற்பொழிவுக்கு ஏழு பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் பிளேன்டீக்கு வந்தவர்கள். செவ்வாய்க்கிழமை பழம்பொருட்கள் வந்தன: எரியாத பெட்ரோமாக்ஸ் ஒன்று, பிடி இல்லாத வாள் ஒன்று, தேத்தண்ணிக்கடை சீனிமுகம்மதுவின் ஜாடி ஒன்று. ஒல்லாந்தர் காலத்து ஜாடி என்றார். ஐயா கவிழ்த்துப் பார்த்தார், அடியில் ஜப்பான் என்று அச்சடித்திருந்தது. "ஒல்லாந்தன் ஜப்பானுக்கும் போனவன்தானே ஐயா" என்றார் சீனிமுகம்மது, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். புத்தகம் ஒன்றுகூட வரவில்லை. சங்கக்கடை மனேஜர் அபூசாலி என்னுடைய அறிவித்தலைத் தேத்தண்ணிக்கடையில் எல்லோருக்கும் கேட்கப் படித்தார். "பேர் கேக்கமாட்டாங்களாம். அப்ப முகத்தயும் பாக்கமாட்டாங்களா? புயலில போனதக் கடலுக்குள்ள போய்த் தேடவா சொல்றாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஐயா கடைக்கு முன்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டது.

அன்று பின்னேரம் உம்மா என்னைப் பெட்டகத்துக்குள் கிடந்த பெரிய பாயை எடுக்கச் சொன்னா. பாய்க்குக் கீழே ஒரு மருதமுனைச் சாறன். சாறனுக்குள் மூன்று புத்தகம். மூன்றும் பறந்து போன உங்கள் மூன்று. முதலில் உங்கள்மேல் கோபம் வந்தது. அதற்குப் பிறகு அந்தச் சிவப்பு அட்டையின் வாடை வந்தது, கோபம் போய்விட்டது. போன இடத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. ரியாத்தில் இருந்து நம்மட ஊர் வழக்கம் மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன்: இங்கே வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை போவது பெண் வீட்டுக்கு. போகும்போது நாலு சேட், நாலு சாறன், ஒரு சவரப் பெட்டி கொண்டு போவான். இரவல் புத்தகத்தையா மாலையோடு தூக்கிக்கொண்டு போவான்? அது பிறந்த வீட்டிலேயே, சகோதரியின் பெட்டகத்துக்குள் கிடக்கும். கனகசபாபதி ஐயாவோ கலியாணம் கட்டாதவர், அதோடு மகா ஒழுங்கானவர். ஒருவர் கலியாணம் முடித்தால் அடுத்த நாளே பதிவேட்டில் விலாசத்தை மாற்றி எழுதிவிடுவார். அப்படி ஒழுங்காக எழுதி, மூன்று வருடமாக அவர் தட்டினதெல்லாம் மனைவிமாரின் கதவு. புத்தகம் எல்லாம் சகோதரிமார் வீட்டில் நிம்மதியாக நித்திரை.

புதன்கிழமை எனக்கு வயிற்றுவலி. பள்ளிக்கூடம் போக முடியாத அளவுக்கு, ஆனால் ஊர் சுற்ற முடிகிற அளவுக்கு. நேரே றஹீமா ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். அவவுக்கும் நபீஸா ராத்தாவுக்கும் தாய்வழிக் குடி வேறு, போட்டி பழையது. அவ நெல் புடைத்துக்கொண்டிருந்தா.

"ராத்தா, நபீஸா ராத்தாட குடியில ஒன்பது புத்தகம் குடுக்கப் போறாங்களாம்."

"என்னத்துக்குடா?"

"நாட்டுட வரலாறு. எந்தக் குடி கூடக் குடுக்கோ, அந்தக் குடிட பேரத்தான் முதல்ல எழுதுவாங்களாம்."

சுளகு நின்றது. "ஒன்பதா? அவளுகள்ட வீட்ட ஒன்பது சட்டி இரிக்கா? நில்லு புள்ள, நான் பெட்டகத்தத் திறந்து பாக்கன்."

அங்கிருந்து நபீஸா ராத்தாவிடம் போய், றஹீமா ராத்தாட குடியில் பதினாலு என்றேன். அங்கிருந்து மற்றக் குடிக்குப் போய் இருபது என்றேன். தாய்வழியாக வருகிற குடிப் பெருமைக்கு முன்னால், கூடப்பிறந்தவனின் மானம் எம்மாத்திரம். அசருக்கு முன்னால் ஊரில் திறக்காத பெட்டகம் இல்லை. எந்த வீட்டிலும் நான் பொய் சொல்லவில்லை மாமா, எதிர்காலத்தை நிகழ்காலமாகச் சொன்னேன், அவ்வளவுதான்.

நாலாம் திகதி வியாழக்கிழமை. காலையில் கொடியேற்றினார்கள், பிள்ளைகள் பாடினார்கள், கொடியில் சிக்கிய கயிற்றைத் தென்னை ஏறுகிற முகைதீன்பாவா கொடிமரத்தில் ஏறி அவிழ்த்தார். பின்னேரம் கண்காட்சி. ஆண்கள் வழக்கம்போல நீள மேசையைச் சுற்றிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். கண்காட்சி மேசையில் பெட்ரோமாக்ஸும் ஜாடியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. நான் என்னுடைய ஜன்னலில். அப்போது பெண்கள் வந்தார்கள். தலையில் முக்காடு, இடுப்பில் ஓலைப்பெட்டி, கையில் துணி மூட்டை, சிலருக்குச் சுளகு. நம்மட ஊர்ப் பெண்கள் அந்தப் படியில் ஏறியதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ஐயா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"வரலாறு கொண்டு வந்திரிக்கம் ஐயா. எங்க வைக்கிற?" என்றா நபீஸா ராத்தா.

மூட்டையை அவிழ்த்தா. ஆறு புத்தகம். "இது என்ட கூடப்பிறந்த காக்கா அபூசாலிட. மாப்பிள போகக்குள்ள போட்டுட்டுப் போனது."

ஐயா பதிவேட்டைத் திறந்தார். "அவர் புயலில போனதெண்டு சொன்னாரே, புள்ள."

"கூரைதான் போன ஐயா. பெட்டகம் போகல்லயே."

நீள மேசையில் அபூசாலியின் முகத்துக்கு முன்னால் இருந்த பேப்பர் நடுங்கத் தொடங்கியது. எதிரே பின்பக்கம் படித்துக்கொண்டிருந்த சீனிமுகம்மது, "ஆட்டாம புடிங்க மனேஜர், எழுத்து ஓடுது" என்றார். அந்த நேரம் பார்த்து றஹீமா ராத்தா தன்னுடைய ஓலைப்பெட்டியைத் திறந்து, "இந்தப் பதினொண்டும் என்ட தம்பி சீனிமுகம்மதுட" என்றா. பேப்பரின் இரண்டு பக்கமும் சேர்ந்து நடுங்கியது.

புத்தகங்கள் வந்த கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒன்றின் அட்டையில் பானை இருந்த வட்டம். ஒன்று திறந்தால் கறுவாப்பட்டை மணம். ஒன்று இறக்காமத்து வயல் வாடியில் காவலுக்குப் போய் வந்தது, முதுகு நசுங்கியிருந்தது, யானை மிதித்தது என்று கொண்டு வந்தவ சத்தியம் பண்ணினா. நம்மட உம்மா கடைசியாக வந்தா. உங்கள் மூன்றையும் மேசையில் வைத்து, "இது என்ட தம்பி ஜவுபர்ட. சவூதியில இரிக்கான். அவன் களவெடுக்கல்ல ஐயா, மறந்திட்டான்" என்றா. ஐயா உங்கள் பெயரைத் தேடி, அந்தச் சிவப்பு மை வரியின் மேல் அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்து, 'திரும்பியது' என்று எழுதினார். "கண்ணில தண்ணியோட சொன்னவர்" என்றார். அப்போது அவருடைய கண்ணிலும் தண்ணீர் இருந்தது. அது உங்களுடையதைப் போல இல்லை, அசல்.

பொழுதுபடுகிற நேரத்துக்கு முந்நூற்று முப்பத்தொரு புத்தகம் சேர்ந்தது. தொண்ணூற்றாறோடு கூட்டினால் நானூற்று இருபத்தேழு. ஐயா ஒவ்வொன்றாகத் தூசி தட்டித் திறந்து பார்க்கத் தொடங்கினார். பார்க்கப் பார்க்க முகம் கறுத்துப்போனது. நாற்பத்தெட்டுப் புத்தகத்தில் எழுதியிருந்தது. முன் வெள்ளைத் தாளில், பின் வெள்ளைத் தாளில், இடம் போதாத வீட்டார் ஓரங்களிலும். நம்மட வீடுகளில் பிறப்பு இறப்பெல்லாம் மார்க்கக் கிதாபின் கடைசித் தாளில்தானே எழுதி வைப்பார்கள். புயலில் கிதாபுகள் நனைந்து மை கரையத் தொடங்க, முழுவதும் கரைய முன்னம் பெண்கள் அதைப் பார்த்து எழுத உலர்ந்த தாள் தேடியிருக்கிறார்கள். ஊரெல்லாம் ஈரம். பெட்டகத்துக்குள் கிடந்த இரவல் புத்தகம் மட்டும்தான் உலர்ந்தது. உங்கள் சிவப்பு அட்டைச் சரித்திரத்தின் பின்தாள்களில் உம்மா நம்மட குடும்பத்தையே இறக்கி வைத்திருக்கிறா.

ஆறாம் திகதி அதிகாரி அப்துல் ஸமட் சேர் வந்தார். நல்ல மனுசன், ஆனால் சட்டத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடக்கிறவர். ஊரே வாசிகசாலைக்குள் நின்றது. அவர் ஆறுதலாக எண்ணி முடித்தார்.

"நானூற்று இருபத்தேழு. சரி. ஆனா இந்த நாற்பத்தெட்டுலயும் எழுதியிரிக்கி. எழுதின புத்தகம் கழிவுப் புத்தகம். கழிச்சா முந்நூற்று எழுபத்தொன்பது. இருபத்தொண்டு குறையுது ஐயா."

கனகசபாபதி ஐயா பதிவேட்டை மூடி வைத்தார். எப்படி மறுப்பார்? அது அவருடைய சட்டமும்தானே. எனக்கு ஜன்னல் கம்பி கையோடு வந்துவிடும்போல இருந்தது.

"கழிச்சா என்ன செய்வீங்க சேர்?" என்றா நபீஸா ராத்தா.

"எரிக்கிறதுதான் முறை."

"அப்ப என்ட மகள் நதீரா பிறக்கல்ல."

"என்ன?"

"அவள்ட பிறப்புப் பத்திரம் புயலில போயிட்டு. இது உண்மையாப் போனது சேர். இந்தத் தாளக் காட்டித்தான் தை மாதம் பள்ளிக்கூடத்தில சேத்தேன். இத எரிச்சா அவள் பிறந்ததுக்கு என்ன சாட்சி?"

றஹீமா ராத்தா விடுவாவா. "எங்கட குடியில பதினேழு பேர் பிறக்காமப் போயிருவாங்க சேர். அதில மூணு பேர் கலியாணமும் முடிச்சிட்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஸமட் சேர் கையில் கிடந்த புத்தகத்தைத் திருப்பினார். பறங்கியர் கப்பலில் வந்திறங்குகிற அத்தியாயம். அதன் ஓரத்தில் றஹீமா ராத்தாவின் எழுத்து. அவர் அதைச் சத்தமாகவே படித்தார்: "வியாழன். மஃரிபுக்குப் பிறகு காத்து. கூரை போயிட்டு. எல்லாரும் பள்ளிவாசலுக்குள்ள. ஜெமீலாவக் காணல்ல." பக்கத்தைத் திருப்பினார். "வெள்ளி, சுபஹு. ஜெமீலா பூவரசுக்குக் கீழ ஆட்டோட இருந்தா. அல்ஹம்துலில்லாஹ்." கூட்டத்துக்குள் நின்ற றஹீமா ராத்தாவின் மகள் ஜெமீலா, இப்போது பத்து வயது, யாருக்கோ பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"இது தேசிய வரலாறா ஐயா?" என்று கேட்டார் ஸமட் சேர், மெதுவாக.

"தேசத்துக்குள்ளதானே சேர் நடந்தது" என்றார் ஐயா. சொல்லிவிட்டு லாச்சியைத் திறந்து விதிமுறைப் புத்தகத்தை எடுத்தார். "இதில கையெழுத்துப் பிரதிகள் எண்டு ஒரு பகுதி இரிக்கு. பழுதானாலும் கழிக்கப்படாது, எண்ணிக்கையில சேரும்."

"இது அச்சுப் புத்தகம்."

"அச்சு முக்கால்வாசி. மிச்சம் கையெழுத்து. உலகத்தில வேற எங்கயும் இன்னொரு பிரதி இல்ல சேர்."

புத்தகத்தில் ஒரு புள்ளி வைத்தால் தண்டிக்கிற மனுசன் அதைச் சொன்னார் மாமா. ஸமட் சேர் பேனாவை மூடினார், திரும்பத் திறந்தார். 'கையெழுத்துப் பிரதிகள் நாற்பத்தெட்டு. கண்ணாடி அலுமாரியில் பூட்டி, பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவும். நூலகம் தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நபீஸா ராத்தா முக்காட்டால் மூக்கைத் துடைத்தா. அபூசாலிதான் முதலில் கைதட்டினார், அவருக்கு வேறு வழியும் இல்லை. ஐயா ஜன்னல் பக்கம் திரும்பி, "தம்பி கலந்தர், உள்ளுக்கு வாரும்" என்று என் அட்டையை நீட்டினார். வாங்கிக்கொண்டு, கண்ணாடி போட்ட அரசரையும் அந்த அலுமாரிக்குள் வைக்கலாமா என்று கேட்டேன். "அது கிறுக்கல்" என்றார்.

நான் அந்த நீள மேசையில், நீங்கள் வழக்கமாக இருக்கிற மூலையில் போய் உட்கார்ந்தேன். இப்போது கால் தரையில் முட்டுகிறது. பக்கத்தில் காதுக்குள் பொய் சொல்ல ஆள் இல்லை. அது மட்டும்தான் குறை.

ஆகவே நீங்கள் எதற்கும் கவலைப்பட வேண்டாம். புத்தகம் திரும்பிவிட்டது, உங்கள் பெயர் துலங்கிவிட்டது, ஆண்களும் பெண்களும் ஒற்றுமையாக வாசிகசாலையைக் காப்பாற்றியிருக்கிறார்கள், இனி அதை எவராலும் மூட முடியாது. உம்மாவின் துஆவும் வாப்பாவின் ஸலாமும் தங்கச்சியின் பொம்மைக் கோரிக்கையும் இத்துடன் வருகின்றன. ஸகியா மாமி தனியாக எழுதுவாவாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், அடிக்கடி முத்திரை வாங்குகிற மனதையும் தருவானாக.

உங்கள் கீழ்ப்படிவுள்ள (இந்த ஒரு சொல் பள்ளிக்கூடத்தில் எழுதச் சொன்னது) மருமகன்,
கலந்தர்.

பி.கு.: கடிதத்தை ஒட்ட முன்னம் வாசிகசாலைப் பக்கம் போய்விட்டு வந்தேன். உட்கார இடமில்லை. அத்தனையும் பெண்கள். ஆனால் அவர்கள் தேடுவது தங்கள் பிறப்பை இல்லை மாமா. மதினிமார் எழுதி வைத்த தாள்களில், தங்கள் மாப்பிள்ளைமாரின் பிறப்பை. பெண் பேசும்போது இருபத்தாறு என்று சொன்ன அபூசாலிக்கு அன்று முப்பத்திமூன்று என்று நபீஸா ராத்தாவின் தாள் சொல்கிறது. நேற்றிலிருந்து அவருக்கு வீட்டில் சோறில்லை, சீனிமுகம்மதுவின் கடையில்தான் சாப்பாடு. சீனிமுகம்மதுவுக்கும் அதே கடையில்தான். ஊரில் நாற்பத்தொரு ஆண்கள் கையெழுத்து வைத்து, வாசிகசாலையை உடனடியாக மூடி நெல் களஞ்சியமாக்க வேண்டும் என்று ஸமட் சேருக்கு மனு அனுப்பிவிட்டார்கள். உங்களுடைய சிவப்பு அட்டைச் சரித்திரம் கண்ணாடி அலுமாரியின் நடுத்தட்டில் இருக்கிறது. ஐயா ஒழுங்கானவர், எல்லோரும் பார்க்கட்டும் என்று எழுதிய தாள்களை மட்டும் நாளுக்கு ஒன்றாகத் திருப்பி வைக்கிறார். உம்மா எழுதிய உங்கள் பிறப்பு, வருகிற செவ்வாய்க்கிழமை முறைக்கு வருகிறது. ஸகியா மாமி செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறா. இந்தக் கடிதம் உங்கள் கைக்குக் கிடைக்கப் பதினாலு நாளாகும். ஆகவே பதில் தேவையில்லை.